கேல் கீரைக்கு ஒரு பூ

கடலோரத் தோட்டம் ஒன்றில் ஒரு கேல் கீரைச் செடியும் ஒரு ராஸ்பெரிப் புதரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்த ஊரில் வெயிலும் கொல்லாது, பனியும் கொல்லாது. அதனால் கீரைக்கு ஓய்வென்பதே கிடையாது.

குளிர்காலம் வந்ததும் ராஸ்பெரி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கிப்போனது. தோட்டக்காரி கீரையிடம் மட்டும் வந்தாள். "மழையானாலும் காற்றானாலும் நீ ஒருத்திதான் எனக்குத் துணை, கண்ணு" என்று கொஞ்சியபடியே அடியிலைகளை ஒடித்துக்கொண்டு போனாள். வாரம் தவறாமல் கொஞ்சினாள், வாரம் தவறாமல் ஒடித்தாள். கடைசியில் மொட்டைத் தண்டும் உச்சியில் ஒரு கைப்பிடி இலையும்தான் மிஞ்சின.

ராஸ்பெரி தூக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்தது. "அக்கா, கொஞ்சம் வாடின மாதிரி நடியேன்."

"வாடினா வேரோட பிடுங்கிடுவாடி. நான் ஒரே ஒரு தடவை பூக்கணும். நாலு விதை கீழே விழுந்தாப் போதும், அப்புறம் செத்தாலும் சரி."

"அதுவரைக்கும் விட்டு வைப்பாளா?"

"துணைன்னு சொல்றாளே, பூக்கக்கூடவா விடமாட்டா?"

குளிர் விலகியது. கீரையின் உச்சியில் பச்சை மொட்டுக் கொத்து ஒன்று எழுந்தது. ஒரு மொட்டின் நுனியில் மஞ்சள்கூடத் தெரிந்தது. கீரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தோட்டக்காரி வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அடடா, இலையைவிட மொட்டுதானே ருசி!" என்று கொத்தோடு கிள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா?" என்று கூப்பிட்டது ராஸ்பெரி.

கிள்ளிய இடத்துக்குக் கீழே, கீரை வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க, இன்னொரு இலை முளைத்துக்கொண்டிருந்தது.