பீரோ போன வழி

கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ அந்த வீட்டில் ஓரிடத்தில் நிலையாக நின்றதே கிடையாது. சண்டை வந்தால் பூரணி அதை இடம் மாற்றியாக வேண்டும். தனி ஆளாக அதை நகர்த்த முடியாது என்பதால், எவ்வளவு கோபத்திலும் சிவநேசன் வந்து மறுபக்கம் பிடிக்கத்தான் வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்த அன்று, சிவப்புத் தரையில் அது கீறிய கோடுகளை இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது உங்க அக்கா கேக்காம என் புடவையை எடுத்துக் கட்டினப்போ,” என்றாள்.

“இது நான் சொல்லாம வேலையை விட்டப்போ,” என்றான்.

ஒரு கோடு மட்டும் ஆழமாக வாசல்வரை போயிருந்தது. சீரோடு அம்மா வீட்டுக்கே போகிறேன் என்று அவள் கிளம்பிய நாள். அவன் முன்னால் இழுக்க, அவள் பின்னால் தள்ள, பீரோ நிலைவாசலில் சிக்கிக்கொண்டது.

“போறேன்னவ உள்ளே. வெளியே நின்னது நான்!”

“இடுக்கு வழியா டீ கொடுத்தேன்ல?”

“கொடுத்தே. சர்க்கரை போடாம.”

அந்தக் கோடு வாசலிலிருந்து திரும்பிக் கூடத்துக்கே வந்திருந்தது.

“நீங்கதான் உள்ளே தள்ளினீங்க,” என்றாள்.

“நான் கையே வைக்கல. நீதான் இழுத்தே.”

“சத்தியமா இல்ல.”

பூரணி எழுந்துபோய், பீரோவின் விளிம்பைப் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்துப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

“பொய் சொல்றீங்க,” என்றாள்.

“நீயுந்தான்,” என்றான்.