சாக்பீஸ் வட்டம்

ஆறு வருஷமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய ஃபைபர் படகைச் சோதிக்க ஒரு சின்ன மரச்சுத்தி வந்தது. அது தட்டத் தட்ட, படகு மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உள்ளே இருக்கும் மரம் உளுத்தது சத்தத்தில் தெரிந்துவிட்டால் அறுத்துப் போட்டுவிடுவார்களே! பக்கத்துப் படகு போன மாதம் அப்படித்தான் போனது.

முன்பக்கம் 'டங் டங்' என்றது. விலாவும் அப்படியே. இன்ஜின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் 'பொத்' என்றது.

"தம்பி, அதைக் கேக்காத மாதிரி விட்டுடேன்," என்று கெஞ்சியது படகு.

"எனக்குப் பொய் வராது அக்கா. நான் கேக்கத்தான் செய்வேன். பதில் சொல்றது நீங்கதான்."

சுத்தியைப் பிடித்திருந்த கை, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டது. படகுக்கு உயிரே போய்விட்டது.

"ஏன் பயப்படறீங்க? பக்கத்துல கிடந்ததுக்கு யாராவது வட்டம் போட்டாங்களா? இது ஒட்டுப் போடறதுக்கு, அக்கா."

படகு இறுக்கிப் பிடித்திருந்த மூச்சை விட்டது. பிறகு மெல்லச் சொன்னது:

"அப்படின்னா, வலது விலாவுல இன்னொரு தரம் தட்டு தம்பி. அங்க மூச்சைப் பிடிச்சு உன்னை ஏமாத்திட்டேன்."