மச்சான் வண்டி

பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் லீவர் விரலுக்கடியில் துடித்தது. வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் வண்டி தன் நாடியைப் பிடித்துப் பார்க்கிறதோ என்று சைலன்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சைலன்சர் என்பது தொழிலில் கிடைத்த பட்டப்பெயர். அடுத்தவர் வண்டியை அரவமில்லாமல் கிளப்பி வருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் மட்டும் அவன் வண்டி புரோக்கர். மாமியார் ஊரெல்லாம் அப்படித்தான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த மோட்டார் சைக்கிள் காலை பத்து மணிக்குக் கைக்கு வந்தது. பத்தேகாலுக்கு நம்பர் பிளேட் மாறியது. மத்தியானம் இரண்டு மணிக்கு வாங்க ஆள் வருகிறது. வருகிறவர் ஒருமுறை பிரேக் பிடித்தால் போதும், வியாபாரம் படுத்துவிடும். வண்டியை எடுப்பதற்கு முன் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். சைலன்சரின் தொழிலில் அதற்கெல்லாம் நேரம் தரமாட்டார்கள்.

நாலு பஸ் ஸ்டாப் தள்ளி, தன்னை யாருக்கும் தெரியாத தெருவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தான். மெக்கானிக் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் மனைவி பின்னாலிருந்த அறையில் ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பிரேக்கை விட்டா துடிப்பு நின்னுடுதா?”

“நின்னுடுது.”

“அப்ப டயர் இல்ல. டிஸ்க்தான்.”

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில் பாரை ஆட்டிப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார். சுற்றுக்கு ஒரு தடவை ‘ஸ்ஸ்’ என்று உரசியது. பிறகு குட்டிக் கடிகாரம் போன்ற ஒரு கருவியை டிஸ்க்கில் முட்டக் கொடுத்து மெதுவாக உருட்டினார். மூன்று கோட்டைத் தாண்டக் கூடாத முள் ஏழுவரை போய்ப் போய்த் திரும்பியது.

“நல்லா நெளிஞ்சிருக்கு” என்றவர் சக்கரத்தைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். டிஸ்க்கின் உட்புற அழுக்கைத் துணியால் துடைத்தார்.

துணி விலகிய இடத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு சின்னப் பொட்டு இருந்தது.

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. வண்டியை ஒருமுறை பார்த்தார், சைலன்சரை இரண்டு முறை பார்த்தார்.

“வண்டி உங்களுதா?”

“மச்சானோடது.”

“மச்சான்... எதாவது சொல்லி அனுப்பினாரா?”

இந்த மாதிரி நேரத்தில் கெத்து குறையக் கூடாது என்பது சைலன்சரின் தொழில் தர்மம். “சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கார்” என்றான்.

மெக்கானிக் எழுந்து பின்னறைக்குப் போனார். குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. மனைவி வெளியே வந்தாள். சைலன்சரின் முகத்தைப் பார்க்காமலே அவனைத் தாண்டிப் போய், வாசல் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினாள்.

மாட்டினோம் என்று சைலன்சர் முடிவு கட்டினான். அந்தப் பொட்டு வண்டிக்காரன் வைத்த ரகசிய அடையாளமாகத்தான் இருக்கும். சக்கரமில்லாத வண்டி நொண்டிக் குதிரை மாதிரி நிற்கிறது, அதை நம்பிப் பயனில்லை. குனிந்து ஓடிவிடலாமா என்று அவன் ஷட்டரின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைப் பிடித்தது.

“மன்னிச்சிடுங்க சார்” என்றார் மெக்கானிக். கண் கலங்கியிருந்தது. “நாலு பேர் காதுல விழ வேண்டாம்னுதான் ஷட்டரை இறக்கச் சொன்னேன். அந்தப் பொட்டு நான் வச்சது.”

இரண்டு மாதத்துக்கு முன் இதே வண்டி இதே துடிப்போடு வந்ததாம். டிஸ்க் மேடு தட்டிய இடத்தில் பொட்டு வைப்பது அவர் வழக்கம். வைத்தார். பிறகு அந்த டிஸ்க்கையே உப்புத்தாளில் தேய்த்துப் பளபளவென்று மாட்டிவிட்டு, புது டிஸ்க் என்று பில் போட்டுவிட்டார். மனைவி அன்றைக்கே வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாளாம்.

சைலன்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா வரவில்லை, கொஞ்சம் மிடுக்கோடு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

“புதுசு மாட்டுங்க” என்றான். மனைவி ஓடிப்போய்ச் சீல் பிரிக்காத டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். மெக்கானிக் தலை நிமிராமல் மாட்டினார். மாட்டி முடிக்கும் வரை சைலன்சர் ஓயவில்லை. உழைத்துச் சாப்பிடுவதன் அருமை, மனசாட்சி, பிள்ளைகுட்டிகளின் எதிர்காலம் என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை.

“நம்பி வண்டியை விட்டுட்டுப் போறான் ஒருத்தன். அவன் பொருள்ல கை வைக்கலாமா? ராத்திரி தூக்கம் எப்படிங்க வருது?”

“வரலைங்க” என்றார் மெக்கானிக்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள். அவளைப் பார்க்கச் சைலன்சருக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்றுகூட நினைத்தான்.

வேலை முடிந்தது. லீவரைப் பிடித்துச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தான். துளித் துடிப்பு இல்லை. மணி ஒன்றுகூட ஆகவில்லை.

“ஷட்டரைத் தூக்குங்க. கிளம்பறேன்.”

மனைவி ஒரு கையில் போனும் மறு கையில் பழைய பில் புக்குமாக வந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. நேராகப் போய், பாதியில் நின்ற ஷட்டரைத் தரைவரைக்கும் இறக்கிப் பூட்டினாள்.

“நீங்க சொன்னது மனசுல தச்சிடுச்சுண்ணே, அதான் இதுல இருந்த நம்பர்ல வண்டிக்காரருக்கே போன் போட்டு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன், அவருக்கு அக்கா தங்கச்சியும் கிடையாதாம், கல்யாணமும் ஆகலையாம், ஆனாலும் மச்சான் வந்திருக்கார்னு சொன்னதும், ஸ்டேஷன்ல வண்டியைக் காணோம்னு எழுதிக் குடுத்துட்டிருந்த மனுஷன் ரெண்டு போலீஸ்காரரையும் கூட்டிக்கிட்டு ஆசையா ஓடி வர்றார்.”