ஆளில்லாத வாங்கு

தேவாலயத்தில் செவ்வாய்ப் பூசைக்கு எவ்வளவு சனம் வந்தாலும், றீற்றாவும் கணவன் அருளப்புவும் உட்காரும் நீள மர வாங்கில் வேறொருவரும் வந்து இருப்பதில்லை. எல்லாம் இந்த மனிதனின் மூக்கால் வந்த வினை என்று றீற்றா பொருமினாள். எந்நேரமும் சளி, வாயால் மூச்சு. யாருக்குத்தான் குமட்டாது?

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"மூக்குக்குள்ள சதை வளர்ந்திருக்கு. பயமில்லை, வெட்டி எடுக்கலாம். மணமும் திரும்பத் தெரியவரும்," என்றார் டொக்டர்.

வெட்டி எடுத்தது உரித்த இறால்போல வழவழவென்று கிடந்தது. றீற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் சுத்தமான மூக்கோடு அருளப்பு பூசைக்கு வந்தான். அப்போதும் அந்த வாங்கில் ஒருவரும் வந்து இருக்கவில்லை.

"இன்னும் என்ன அருவருப்பு இவையளுக்கு?" என்று றீற்றா முணுமுணுத்தாள்.

அருளப்பு மூச்சை நன்றாக இழுத்தான். இழுத்தவன், மெல்ல வாங்கின் மறு அந்தத்துக்கு நகர்ந்தான்.

"றீற்றா, கருவாட்டு வாடியில மீன் வெட்டிப்போட்டு இவ்வளவு காலமும் குளிக்காமலே பூசைக்கு வந்தனியோ?"