நான்காவது ஓரம்

“என்னடி இது? தையலுக்குத் தையல் முடிச்சு போட்டு நூலை வெட்டி வச்சிருக்க!”

நிறைமாத அண்ணி, பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பஞ்சு வைத்துத் தைத்த சின்னப் போர்வையை நாத்தனாரின் மடியிலிருந்து பிடுங்கினாள். மூன்று ஓரங்களில் அண்ணி வைத்துத் தைத்த பட்டி வழுவழுவென்று ஓடியது. நான்காவது ஓரத்தில் எறும்பு வரிசைபோல் முடிச்சுகள்.

“ஒண்ணு அறுந்தாலும் மத்ததெல்லாம் பிடிச்சுக்கும், அண்ணி.”

“புள்ளைக்கு உறுத்தாதா? ஒரே நூல்ல கடைசி வரைக்கும் ஓட்டணும். எல்லாத்தையும் பிரி!”

நாத்தனார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிரித்தாள். மறுபடி தைத்தாள். கை தானாக முடிச்சுப் போட்டது.

“உன்னை நம்பி ஊசியைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!” என்று சிரித்த அண்ணி, சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, வலிக்குதுடி!”

நாத்தனார் போர்வையையும் அள்ளிக்கொண்டு காரை எடுக்க ஓடினாள்.

அண்ணி கண் விழித்தபோது ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் அடித்தது. பக்கத்துத் தொட்டிலில், முடிச்சு ஓரம் வெளியே தெரிய, அதே போர்வைக்குள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் வந்துட்டாங்க,” என்றாள் நர்ஸ்.

உள்ளே வந்த டாக்டர் முகமூடியை இறக்கினார். நாத்தனாரேதான்.

“அம்மாவும் பொண்ணும் சௌக்கியம். ஆனா ஒரு விஷயம், அண்ணி...”

“என்னடி?”

“உங்க வயித்துலயும் தையலுக்குத் தையல் முடிச்சுதான் போட்டிருக்கேன். தயவுசெஞ்சு பிரிக்கச் சொல்லிடாதீங்க!”