உறைமேல் நின்ற அ

பள்ளி விட்ட மணியோசை இன்னும் அடங்கவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிளாஸ்டிக் உறைகளைத் துடைத்து அடுக்குகிறார். கண்ணாடி மாதிரி உறை. உள்ளே பயிற்சித்தாளைச் செருகி, மேலே மார்க்கரால் எழுதி, துணியால் அழித்தால் நாளைக்கும் ஆகும். ஜன்னலோரம் 'வாலு' மட்டும் தன் உறையைக் கொடுக்காமல் நிற்கிறாள். மூன்று மாதமாக 'அ'வை இடம் வலம் மாற்றியே எழுதியவள், இன்றுதான் நேராகப் போட்டிருக்கிறாள். "அப்பாகிட்ட காட்டணும் டீச்சர். தாளை மட்டும் எடுத்துக்கிறேன்." உருவிப் பார்க்கிறாள். தாளில் வெறும் புள்ளிகள். எழுத்து உறைமேலேயே இருக்கிறது. அவள் உதடு பிதுங்குகிறது. டீச்சரின் கையில் துணி அப்படியே நிற்கிறது. வாசலில் அப்பா வந்துவிட்டார், சட்டையெல்லாம் வண்டி கிரீஸ். அவள் தாளில்லாத உறையை இரு கையாலும் முகத்துக்கு நேரே தூக்குகிறாள். மாலை வெயில் அதன் வழியே புகுந்து அப்பாவின் சட்டையில் விழுகிறது. எதிரே நின்று அவர் உற்றுப் பார்க்கிறார். "மறுபடியும் திரும்பிக்கிச்சா? பரவாயில்லடா, நாளைக்கு வந்துடும்." வாலு பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விடுகிறாள். "நீங்கதான்ப்பா தப்பான பக்கம் நிக்கிறீங்க. இங்க வாங்க." அவர் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் மண்டியிட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்க்கிறார். மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. டீச்சர் துணியை நாலாக மடித்து மேஜைக்குள் வைக்கிறார்.