கோணல் அடி

"இந்தாம்மா, ஒங்க வூட்டுக்காரரு போட்ட முட்டை."

செல்லியம்மாள் மடியைப் பிரித்து வெள்ளைப் பந்துகளை வாசற்படியில் கொட்டினாள். சம்பூர்ணத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தினமும் காலையில் இதே கூத்து.

சம்பூர்ணத்தின் கணவர் ராஜாக்கண்ணு, ஜமுனாமரத்தூர் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர். ஊட்டியில் வேலை பார்த்தபோது அவரைப் பிடித்த பைத்தியம் கோல்ஃப். எழுபத்தெட்டில் ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்தபோது சட்டி பானையோடு அந்த இரும்புத் தடியும் பந்துகளும் பஸ் ஏறி வந்துவிட்டன.

வீட்டுக்குப் பின்னால் மாடு மேய்கிற வெட்டவெளி. அதுதான் மைதானம். அவளுடைய கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைத் தரையில் முளையடித்துக் கட்டி, மறுமுனையைப் பலாமரக் கிளையில் சாய்வாக இழுத்துக் கட்டியிருந்தார். தடி அந்தக் கயிற்றுச் சாய்விலேயே மேலே போய், அதே சாய்விலேயே கீழே வர வேண்டுமாம். கொஞ்சம் விலகி இறங்கினாலும் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடிவிடுமாம். துணி காயப்போட இடமில்லாமல் நின்றவளுக்கு இதையெல்லாம் பாடமாகவே நடத்தினார்.

வலப்பக்கம் இருப்பது செல்லியம்மாளின் சாமைக் கொல்லை. அதன் ஓரத்தில் அவள் குடிசை.

பாடம் நடத்தியவர் பந்துகள்தான் தவறாமல் அங்கே போய் விழுந்தன. கொல்லையில் ஆளில்லாத நேரம் பார்த்து அடிப்பார், அந்த மட்டும் புண்ணியம். செல்லியம்மாள் திட்டிக்கொண்டே வெளியே வருவாள். குனிந்து பந்தைத் தேடும்போது கையில் அகப்பட்ட களையையும் பிடுங்கிப் போடுவாள். பிறகு நேராக இங்கே வந்து படியில் உட்கார்ந்துகொள்வாள்.

சம்பூர்ணம் குற்றவுணர்ச்சியில் தோசையும் காப்பியும் கொண்டு வந்து வைப்பாள். செய்த நஷ்டத்துக்கு இதெல்லாம் காணாது என்று சொல்லிக்கொண்டே செல்லியம்மாள் சாப்பிடுவாள்.

"எங்கூட்டுக் கோழி ஒண்ணு அந்த உருண்டை மேல ஒக்காந்துகினு எழுந்திருக்க மாட்டேங்குது. நாளைக்கி அது இன்னா பொரிக்கும், சொல்லு?"

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று மத்தியானம் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டாள். மாசி மாதம் புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து செத்தான் செல்லியம்மாள் புருஷன் மாதையன். கொழுந்தன்மார் உழுது விதைத்துவிட்டுப் போன இந்தச் சாமைதான் அவளுக்கு இருக்கிற ஒரே பிடிப்பு. படித்த மனுஷன் அதிலா பந்து அடிப்பது?

"இன்னும் கை பழகலை, சம்பூர்ணம்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

"இத்தினி மாசமா பழகாத கை இனிமேலா பழகப் போவுது? நாளைக்குக் கயித்தை அறுத்து எடுத்துடுவேன். ஊர்ல தலைகாட்ட முடியலைங்க."

"சாமை அறுப்பு முடியற வரைக்கும் வுட்டுடு. அப்புறம் நானே அவுத்துத் தரேன்."

இந்த வயதில் இவ்வளவு பிடிவாதமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ராத்திரி முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவளுக்கு முந்தியே அவர் தடியோடு நின்றிருந்தார். மரத்தடியில் அவள் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

தடி கயிற்றை ஒட்டியே மேலே ஏறியது, ஒட்டியே இறங்கியது. பந்து வெட்டவெளியின் அந்தக் கடைசியில் இருக்கும் பாறைக்கு நேராகப் போய் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்ததும் அங்கேயே. கோடு கிழித்தாலும் அவ்வளவு நேராக வராது.

சம்பூர்ணம் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். செல்லியம்மாள் குடிசைக் கதவு சாத்தியிருந்தது. கூரைமேல் புகையும் இல்லை. கயிற்றை விட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்று, தடியைக் குறுக்கே இழுத்து ஓர் அடி அடித்தார். பந்து வளைந்து போய்ச் சாமைக்குள் விழுந்தது.

கதவு திறக்கவில்லை.

திரும்பியவர் அவளையும் கையிலிருந்த கத்தியையும் பார்த்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

"மாதையன் செத்தப்ப நீ சோறு எடுத்துட்டுப் போனியே, பாத்திரம் அப்படியே திரும்பி வந்துதே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவளுக்கு மட்டுமா, ஊரில் யார் கொண்டுபோனாலும் அப்படித்தான். பாவம் பார்த்துக் கொடுத்ததைத் தொடமாட்டேன் என்று செல்லியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆடியில் விதை விழுந்தபோதுகூட அவள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"ஆவணியில ஒரு நாள் கைதவறி ஒரு பந்து அங்க போய்டுச்சு" என்றார் அவர். "சண்டை போட வெளிய வந்தா. நீ வெச்ச தோசையையும் தின்னுட்டுப் போனா."

சம்பூர்ணம் கத்தியோடு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கல் காய்ந்ததும் மாவை ஊற்றிவிட்டு, பின்வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். குடிசைக் கதவு இன்னும் சாத்தியே இருந்தது.

"ஏங்க, தோசை ஆறிடும். இன்னொண்ணு கோணலா அடிங்க."